சொல்லாமல் காத்திருங்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு உதவுவதும் அந்த உதவியை விலக்குவதும்

"எல்லாம் தெரியும் மிஸ், ஆனா நான் பக்கத்துல நின்னு சொன்னாத்தான் செய்வான்." வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிற எனக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் வீடுகளுக்குப் போகும்போது அதிகம் கேட்கக் கிடைக்கிற வாக்கியம் இதுதான். சொல்கிற அம்மாவின் குரலில் பெருமையும் இருக்கும், களைப்பும் இருக்கும். பிள்ளை பல் தேய்ப்பான், சட்டை போடுவான், பையை மாட்டுவான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் "ம்... எடு", "அப்புறம்?", "அடுத்து என்ன?" என்று அம்மாவின் குரல் முன்னால் போக வேண்டும். அம்மா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டால், பையன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பான்.

இவனுக்குப் பல் தேய்க்கத் தெரியும் என்று நான் எழுதிக்கொள்ள மாட்டேன். அம்மா சொன்னால் பல் தேய்க்கத் தெரியும் என்றுதான் எழுதுவேன். அங்கிருந்து, யாரும் சொல்லாமல் தேய்க்கும் இடத்துக்கு அவனைக் கொண்டுபோவது எப்படி என்பதே இங்கே விஷயம்.

பிள்ளை ஒரு வேலையைச் சரியாகச் செய்ய அந்த நேரத்தில் நாம் கொடுக்கும் கூடுதல் உதவியை எங்கள் வேலையில் பிராம்ப்ட் என்போம். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, செய்து காட்டுவது, விரலை நீட்டுவது, படம் வைப்பது, பொருளை அருகில் நகர்த்தி வைப்பது, வாயால் சொல்வது எல்லாமே பிராம்ப்ட்தான். கொடுப்பதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை, பெற்றவர்கள் தானாகவே கொடுக்கிறார்கள். எடுப்பதற்குத்தான் திட்டம் வேண்டும். எடுக்கும் வழியை யோசிக்காமல் கொடுத்தால், அந்த உதவி வேலையோடு சேர்ந்து ஒரு படியாகவே பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். அதனால் பெற்றோரிடமும் வகுப்பாசிரியர்களிடமும் நான் முதலில் கேட்பது, "இந்த உதவியை எப்படி விலக்கப் போறீங்க?" என்றுதான். அதற்குப் பதில் கிடைக்கும்வரை தொடங்க வேண்டாம் என்பேன்.

ஏன் செய்யவில்லை என்று முதலில் பாருங்கள்

ஒரு பிள்ளை ஒரு வேலையைச் செய்யாமல் இருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கும். செய்யும் விதம் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும் விரலில் போதிய பலம் இல்லாமல் இருக்கலாம், சட்டைப் பொத்தான் விஷயத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நாம் சொன்னது புரியாமல் இருக்கலாம். அந்த இடத்தின் சத்தமோ வாசனையோ தாங்க முடியாததாக இருக்கலாம். அந்த வேலையை முடிப்பதால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்பது அவனுக்கே விளங்காமல் இருக்கலாம்.

பிராம்ப்ட் உதவுவது தெரியாமைக்கும், ஓரளவு புரியாமைக்கும்தான். பாத்திரம் தேய்க்கும் நாரைத் தொட்டதும் கையை உதறுகிற பிள்ளையின் விரல்களை அந்த நாரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால், நாரைப் பார்த்தாலே ஓடத்தான் கற்றுக்கொள்வாள். பழைய பருத்தித் துணியை வெட்டிக் கொடுங்கள், பிரச்சினை அங்கேயே முடியலாம். குழாயடியில் பிள்ளைகள் போடும் கூச்சலில் காதைப் பொத்துகிறவனை, கூட்டம் குறைந்தபின் இரண்டு நிமிடம் தாமதமாக அழைத்துப் போங்கள்.

பிள்ளைக்குப் பிடித்தது எது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கை தட்டிப் பாராட்டுவது எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்காது. சிலருக்கு அந்தச் சத்தமே தண்டனை. ஒருவனுக்கு ஊஞ்சல், ஒருத்திக்குத் தண்ணீரில் கை அளைவது, இன்னொருவனுக்கு ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் உட்கார விடுவது. நான் பார்த்த பையன் ஒருவனுக்குப் பேருந்தின் தடம் எண் பலகைகளைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

ஒரு வேலையை முழுவதும் பார்ப்போம்

அரசுத் தொடக்கப் பள்ளியில் சாப்பிட்டபின் தட்டைக் கழுவி வைப்பது. இதை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. காலை உணவு, மதியம் சத்துணவு என்று தினமும் இரண்டு வேளை, உண்மையான இடத்தில், உண்மையான தேவையோடு பழக வாய்ப்பு இருக்கிறது. சுற்றியிருக்கும் பிள்ளைகளும் அதையே செய்துகொண்டிருப்பார்கள். மேசையில் உட்கார வைத்து வண்ண அட்டைகளை அடுக்கச் சொல்வதைவிட இந்த மாதிரி வேலைகளில் தொடங்கவே நான் விரும்புவேன்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கதிர் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு மிகக் குறைவு. சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஊஞ்சலைப் பார்த்து ஓடுவான். சத்துணவு ஆயா எடுத்துக் கழுவிவிடுவார்.

முதலில் வேலையைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். யோசித்து எழுதினால் ஏதாவது விட்டுப்போகும். நீங்களே ஒரு தட்டை எடுத்து அதே குழாயடியில் கழுவிப் பாருங்கள். கதிருக்கு வந்த படிகள் இவை: தட்டோடு எழுந்திருப்பது, மீதியைத் தொட்டியில் கொட்டுவது, வரிசையில் நிற்பது, குழாயைத் திறப்பது, உள்பக்கம் தேய்ப்பது, திருப்பி வெளிப்பக்கம் தேய்ப்பது, குழாயை மூடுவது, தண்ணீரை உதறுவது, கூடையில் கவிழ்த்து வைப்பது. குழாயை மூடுவதைப் பெரியவர்கள் எழுதும்போது பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையும் அப்புறம் அதை மறந்தபடியே கற்றுக்கொள்கிறான்.

கற்பிக்கத் தொடங்கியது கடைசிப் படியிலிருந்து. முதல் எட்டுப் படிகளுக்கும் என் கை அவன் கைமேல் இருக்கும். கூடையில் கவிழ்ப்பதை மட்டும் அவன் செய்வான், உடனே ஊஞ்சல். அது நிலைத்தபின் உதறிக் கவிழ்ப்பது வரை அவனுடையது. அதன் பிறகு குழாயை மூடுவதும் சேரும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவதன் நன்மை, வேலையை முடிப்பது முதல் நாளிலிருந்தே பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதுதான். முதல் படியில் தொடங்கினால் அவன் எழுந்திருப்பான், மிச்சம் எல்லாம் நாம் செய்வோம், ஊஞ்சல் எதற்காகக் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியாது.

கையை வைக்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பிள்ளைக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரே நிற்காதீர்கள். எதிரே நின்றால் உங்கள் முகம்தான் அவனுக்குத் தெரியும், தட்டு தெரியாது. பின்னாலிருந்து உங்கள் உள்ளங்கை அவன் புறங்கைமேல் படியட்டும். அழுத்தம் அவன் கை நகரப் போதுமான அளவு மட்டும். வாய் மூடியிருக்கட்டும். "தேய், நல்லாத் தேய், அப்படித்தான்" என்று கூடவே பேசினால் கை உதவி, வாய் உதவி இரண்டையும் பின்னால் எடுக்க வேண்டிவரும்.

படப் பரிமாற்ற முறையான பெக்ஸிலும் இதே ஒழுங்கு உண்டு. 1985-ல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கியது அது. பிள்ளை ஒரு படத்தை எடுத்துக் கொடுத்து வேண்டியதைக் கேட்கக் கற்கும் முதல் கட்டத்தில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். எதிரே இருப்பவர் படத்தை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பார். பின்னால் இருப்பவர் பேசாமல் கையை மட்டும் நகர்த்த உதவுவார். "என்ன வேணும்?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால்தான் கேட்பான் என்ற பழக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி உதவி இறங்கும் வழி. புறங்கைமேல் இருந்த என் கை மணிக்கட்டுக்குப் போகும். அங்கிருந்து முழங்கை, அப்புறம் தோள். ஒவ்வொரு இடத்திலும் அழுத்தமும் குறையும். அதன்பின் தொடாமல், அவன் கையைச் சுற்றி ஓர் அங்குல தூரத்தில் என் கை நிழல்போலக் கூடவே போகும். அவன் நின்றால் ஒரு தொடுதல், நகர்ந்தால் உடனே விலகல். கடைசியாக நானே ஓர் அடி பின்னால், அப்புறம் சுவரோரம், அப்புறம் சத்துணவுக் கூடத்தின் வாசல். நாம் நிற்கும் இடமும் ஒரு பிராம்ப்ட்தான். அருகில் நின்றபடியே "தனியாகச் செய்கிறான்" என்று எழுதக் கூடாது.

கூடுதலிலிருந்து குறைவுக்கு இறங்கும் இந்த வழி, பிள்ளைக்குச் சுத்தமாகத் தெரியாத புது வேலைக்குப் பொருத்தம். தவறு செய்யும் வாய்ப்பே குறைவாக இருக்கும். பல தடவை தவறிப்போய்க் கோபப்பட்டு, வேலையையே வெறுத்துவிடும் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. பாதி தெரிந்த வேலைக்குத் தலைகீழாகப் போகலாம்: முதலில் உதவியே இல்லாமல் காத்திருப்பது, வராவிட்டால் ஒரு சைகை, பிறகு செய்து காட்டுவது, கடைசியாகத்தான் கை. சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு கையை நுழைக்கத் தடுமாறுகிறவளுக்கு இது போதும்.

காத்திருப்பது

உதவியை எடுக்க இன்னொரு வழி, அதே உதவியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுப்பது. 1971-ல் பால் டுஷெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. செய்வது எளிது, நிதானம் மட்டும் நிறைய வேண்டும். தொடக்கத்தில் தாமதமே கிடையாது: சொன்னவுடன் உதவி. அது பழகியதும், சொல்லிவிட்டு 4 வினாடி காத்திருந்து உதவி. அந்த 4 வினாடிக்குள் பிள்ளை தானாகச் செய்துவிட்டால் உதவி தேவையே இல்லாமல் போகிறது. ஒரேயடியாக 4 வினாடிக்குப் போகாமல் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டும் போகலாம்.

நான்கு வினாடி என்றால் சும்மா என்று தோன்றும். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாவுக்கு ஆறு வயது. முறுக்கு டப்பாவின் மூடி இறுக்கம், அவளால் திறக்க முடியாது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். வழக்கமாக அம்மா உடனே வாங்கித் திறந்துவிடுவார். அன்றைக்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டினேன். பாப்பா மூடியை ஒரு தட்டுத் தட்டினாள். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டினாள். அம்மாவின் உதடு பிரிந்தது, நான் தலையை ஆட்டினேன், மூடிக்கொண்டார். அப்பாயி பொறுக்க முடியாமல் "குடுத்துடேன்டி" என்றார். பாப்பா திரும்பவும் டப்பாவைப் பார்த்தாள். அம்மாவின் மடியில் வைத்தாள். "தொற" என்றாள்.

அந்த மின்விசிறிப் பார்வையையும் விரலாட்டத்தையும் கவனமில்லை என்று படித்துவிடுகிறோம். பல பிள்ளைகளுக்கு, கேட்டதைப் புரிந்துகொண்டு பதிலைத் தேடி எடுக்க நம்மைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. அந்த நடுநேரத்தில் நாம் இன்னொரு தடவை சொன்னால், அதுவரை நடந்த தேடல் கலைந்து முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு தடவை சொல்லுங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். பிறகு திரும்பச் சொல்லாமல், அடுத்த உதவிக்குப் போங்கள். "எடு, எடு, எடுன்னு சொல்றேன்ல" என்று நான்கு தடவை சொன்னால், நான்காவது தடவைதான் உண்மையான கட்டளை என்று பிள்ளை கற்றுக்கொள்வான்.

காத்திருக்கும்போது பிள்ளை தவறு செய்யத் தொடங்கினால் தடுத்துச் சரியானதைக் காட்டுங்கள். திட்டும் வேண்டாம், "இல்ல, இல்ல" என்று நீட்டவும் வேண்டாம். காட்டியபின் உடனே இன்னொரு வாய்ப்பைக் குறைந்த உதவியோடு கொடுங்கள். அந்த இரண்டாவது வாய்ப்பைத் தவிர்த்தால், தவறாக எடு, அம்மா திருத்துவாள், முறுக்கு கிடைக்கும் என்ற மூன்றும் சேர்ந்து ஒரே வேலையாகிவிடும்.

வாய்ச்சொல்லைப் பற்றி

எல்லா உதவியிலும் எடுக்கக் கடினமானது வாய்ச்சொல் என்பது என் அனுபவம். கையை மணிக்கட்டு, முழங்கை என்று நகர்த்தலாம், படத்தைச் சிறிதாக்கலாம். சொல்லைக் குறைக்கும் வழி அவ்வளவு தெளிவாகக் கண்ணில் படுவதில்லை, தவிர நம்மை அறியாமலே வந்துவிடுகிறது. உடம்பால் செய்யும் வேலைகளைக் கற்பிக்கும்போது சொல்லைக் கடைசியில் வையுங்கள், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். சொல் கட்டாயம் தேவைப்படும் இடம் பேச்சையே கற்பிக்கும்போதுதான்.

அங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுத்துப் பழகியிருக்கிறோம். தாகம் எடுத்ததும் பிள்ளை நம்மிடம் வந்து "தண்ணி வேணுமா?" என்கிறான். அவன் குழப்பத்தில் இல்லை. தண்ணீர் வந்த நேரத்தில் எந்தச் சொற்கள் காதில் விழுந்தனவோ அவற்றைச் சொல்லிக் கேட்கிறான். முதலில் தண்ணீரைக் கொடுங்கள், கேட்டிருக்கிறானே. கொடுக்கும்போதே அவன் வாயிலிருந்து வர வேண்டிய விதத்தில் நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." அல்லது வெறும் "தண்ணி." அதேபோல் "சொல்லு, தண்ணி" என்று கற்பித்தால் "சொல்லு தண்ணி" என்றே திரும்பி வரும். அந்த "சொல்லு" வேண்டாம்.

இறக்கும் வழி இப்படி. டம்ளரைக் கண்ணெதிரே பிடித்து, உடனே "தண்ணி" என்று சொல்லி, அவன் சொன்னதும் கொடுப்பது. சில நாள் கழித்து டம்ளரைப் பிடித்தபடி சில வினாடி காத்திருந்து சொல்வது. அப்புறம் "த..." என்று முதல் ஒலி மட்டும். அப்புறம் ஒலியில்லாமல், எதிர்பார்த்த முகத்தோடு டம்ளரைப் பிடிப்பது. கடைசியில் டம்ளர் அடுக்களையிலேயே இருக்க, அவன் தேடி வந்து கேட்பது. அந்தக் கடைசி நிலைக்கு முன்னால் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். டம்ளரைக் கண்டால் கேட்கும் பிள்ளை, டம்ளர் கண்ணில் படாத இடத்தில் தாகத்தோடு இருப்பான்.

பேச்சு வராத பிள்ளைக்கு இதே வரிசையைப் படத்திலோ சைகையிலோ செய்யுங்கள். பேச்சு வரும்வரை காத்திருந்து அதுவரை எதையும் கொடுக்காமல் இருப்பது கொடுமை. படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

தெரியாமல் கொடுத்துவிடும் உதவி

"எது வாழைப்பழம்?" என்று கேட்டுவிட்டு நாமே வாழைப்பழப் படத்தைப் பார்ப்போம். அல்லது சரியான அட்டையை எப்போதும் பிள்ளையின் வலக்கைப் பக்கம் வைப்போம். பிள்ளையின் கை தவறான அட்டைக்குப் போகும்போது நம் புருவம் சுருங்கும், சரியானதற்கு வந்ததும் விரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நம் முகத்தைக் கவனிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் துல்லியமாகக் கவனிப்பார்கள். கை அட்டைகளின் மேலே வட்டமிட்டு, நம் முகம் மாறும் இடத்தில் இறங்கும். பழத்தைக் கற்றிருக்க மாட்டாள், அம்மாவின் புருவத்தைக் கற்றிருப்பாள்.

இதற்கு ஒரு வழி: பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்காமல் உங்களைப் பாருங்கள். கண், தலை, கை எங்கே போகிறது என்று தெரியும். அடுத்த தடவை அட்டைகளின் இடத்தை ஒவ்வொரு கேள்விக்கும் மாற்றுங்கள், கேட்டுவிட்டுப் பிள்ளையின் தோளைப் பாருங்கள்.

தொடுவதற்கு முன்

கை உதவியைப் பற்றி இவ்வளவு சொன்னபின் இதைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளையின் உடம்பு பிள்ளையுடையது. தொடப்போகிறீர்கள் என்பதை உங்கள் கையை அவன் பார்வைக்குக் காட்டித் தெரிவியுங்கள். அவன் கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்துச் செய்ய வைக்கும் பயிற்சியை எந்த மையத்தில் கண்டாலும், "பழகிடுவான்" என்று யார் சொன்னாலும், பெற்றோராக நீங்கள் நிறுத்தச் சொல்லலாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சிறு வயதில் தங்களைப் பிடித்து அழுத்திச் செய்ய வைத்ததைப் பற்றி வலியோடு எழுதியிருக்கிறார்கள். அதைப் பயிற்சி கொடுக்கிற ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும்.

தொடுதல் பிடிக்காத பிள்ளைக்கு உங்கள் கை கீழே, அவன் கை மேலே. அவன் விரும்பும்போது எடுத்துவிடலாம். அல்லது கையே வேண்டாம், செய்து காட்டுங்கள், படம் வையுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி முகவாயைப் பிடித்துத் திருப்புவது எந்தப் பாடத்துக்கும் தேவையில்லை. பார்க்காமலே கேட்கும் பிள்ளைகள் ஏராளம். குளியல், கழிப்பறை, உடை மாற்றுதல் ஆகியவற்றில் யார் கை உதவி செய்யலாம் என்பதை வீட்டில் ஓரிருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதவு மூடியிருக்கட்டும். இந்த வேலைகளில் உதவியைச் சீக்கிரம் எடுப்பது பிள்ளையின் பாதுகாப்பும்கூட. யார் தொட்டாலும் சரி என்று ஒரு பிள்ளை பழகிவிடக் கூடாது.

நோட்டு

ஒரு சாதாரண நோட்டு போதும். இடப்பக்கம் படிகள், மேலே தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த உதவி தேவைப்பட்டது என்று ஓரெழுத்து: கை முழுவதும் என்றால் "கை", லேசாகத் தொட்டால் "தொ", சைகை என்றால் "சை", ஒன்றும் தேவைப்படாவிட்டால் "த", அதாவது தனியாக. சரி, தவறு என்று மட்டும் குறித்தால் இதில் பயனில்லை. உதவியோடு செய்ததும் தனியாகச் செய்ததும் ஒரே டிக் குறியில் ஒளிந்துகொள்ளும்.

ஒரே உதவியில் தொடர்ந்து மூன்று தடவை சரியாக வந்தால் அடுத்த தடவை ஒரு படி குறைப்பேன். குறைத்தபின் தொடர்ந்து இரண்டு தடவை தடுமாறினால் ஒரு படி கூட்டுவேன். இது என் கணக்கு, உங்கள் பிள்ளைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கணக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இல்லாவிட்டால் நம் களைப்பும் அவசரமும் முடிவெடுக்கும்: பள்ளி வேன் வரும் நேரத்தில் முழு உதவி, ஞாயிற்றுக்கிழமை உதவியே கிடையாது. வேன் வரும் காலை நேரத்தில் பொத்தானைக் கற்பிக்க வேண்டாம், நீங்களே போட்டுவிட்டு அனுப்புங்கள். சாயங்காலம் கற்பியுங்கள்.

திங்கட்கிழமை முதல் தடவையில் ஒன்றும் உதவாமல் என்ன வருகிறது என்று பாருங்கள். கதிரின் நோட்டில் அப்படி ஒரு திங்கட்கிழமை எனக்கு ஆச்சரியம் தந்தது. குழாயைத் திறப்பதற்கு நான் இன்னும் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். தொடாமல் நின்றபோது நேராகப் போய்த் திறந்தான். அந்தக் கட்டத்தில் "த" என்று எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பரிசையும் உதவியோடு இணையுங்கள். குறைந்த உதவியில் செய்த நாளில் ஊஞ்சலுக்குக் கூடுதல் நேரம், தனியாகச் செய்தால் இன்னும் கூட. உதவியோடு செய்தாலும் கொஞ்சம் உண்டு, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால், தானாகச் செய்ய முயல்வதற்குப் பிள்ளைக்கு என்ன காரணம்?

வாரக்கணக்கில் ஒரே எழுத்தில் நின்றால், பிள்ளையைக் குறை சொல்லுமுன் படியைப் பாருங்கள். ஒரு படிக்குள் இரண்டு படி ஒளிந்திருக்கலாம். பரிசு அலுத்திருக்கலாம். காய்ச்சல், தூக்கமின்மை, வகுப்பு மாறியது, வீட்டுக்கு விருந்தாளி வந்தது என்று ஏதாவது இருக்கலாம்.

எடுக்க வேண்டாத உதவி

எல்லா உதவியையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற வைராக்கியம் தேவையில்லை. நாம் காலண்டரில் குறித்து வைக்கிறோம், கைப்பேசியில் அலாரம் வைக்கிறோம். அந்த மாதிரி, பிள்ளை தானே பார்த்து நடந்துகொள்ளும் பட வரிசை ஆயுள் முழுவதும் இருக்கலாம். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்றால் அது சுதந்திரம்தான்.

செலவு அதிகம் ஆகாது. உங்கள் வீட்டுச் சொம்பு, உங்கள் குளியலறைக் கதவு, அவனுடைய சீருடை எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து லேமினேஷன் போடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஷவர் படத்தைக் காட்டினால், வாளியும் சொம்பும் வைத்துக் குளிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்? பழைய தினசரி காலண்டர் அட்டை நல்ல பலகை. தையல் சாமான் கடையில் வெல்க்ரோ பட்டை வாங்கி ஒட்டி, படங்களை மேலிருந்து கீழே வரிசையாக வையுங்கள். முடித்த படத்தைப் பிள்ளையே பிய்த்து அடியில் தொங்கும் பையில் போடட்டும். பலகையைப் பார்க்கக் கற்பிப்பதற்கும் தொடக்கத்தில் உதவி வேண்டும். அதையும் பின்னாலிருந்து, பேசாமல், கையைப் பலகையை நோக்கி நகர்த்திக் கொடுங்கள். "போய்ப் பலகையப் பாரு" என்று தினமும் சொன்னால், மறுபடியும் உங்கள் குரல்தான் பலகை.

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில்

வீட்டில் தனியாகச் செய்வது பள்ளியில் வராது, பள்ளியில் வருவது அத்தை வீட்டில் வராது. இதை எதிர்பார்த்தே இருங்கள். புது இடத்தில், புது ஆளோடு, உதவியை இரண்டு படி மேலிருந்து தொடங்கி வேகமாக இறக்குங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அப்பா காத்திருக்கிறார், அப்பாயி உடனே ஊட்டிவிடுகிறார் என்றால் பிள்ளை அப்பாயியிடமே போவான், அது இயல்பு. அப்பாயியைக் கடிந்துகொள்ளாமல் அவர் கையிலேயே நோட்டைக் கொடுத்து, அல்லது எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை போடச் சொல்லி, தனியாகச் செய்ததை எண்ணும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். எண்ணத் தொடங்கியவர் ஊட்டுவதைத் தானாகக் குறைப்பார்.

வகுப்பாசிரியர் மாறும்போது அரைப் பக்கத் தாள் ஒன்றை எழுதிக் கொடுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரால் நீண்ட அறிக்கை படிக்க முடியாது. கதிரின் அம்மா மூன்றாம் வகுப்பு ஆசிரியருக்குக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது: "தட்டு கழுவுவது முழுவதும் தனியாகச் செய்வான், வரிசையில் நிற்க மட்டும் ஒரு சைகை வேண்டும். பையிலிருந்து புத்தகம் எடுக்க, மேசைமேல் இருக்கும் படத்தை விரலால் காட்டினால் போதும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். ஒரு தடவை சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் பயப்படுவான், முன்னால் வந்து கையைக் காட்டிவிட்டுத் தொடுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சட்டைப்பையில் உள்ள நீல அட்டையை எடுத்துக் கொடுப்பான், உடனே அனுப்புங்கள். 'தண்ணி வேணுமா' என்று அவன் கேட்டால், அவனுக்குத் தாகம் என்று அர்த்தம்."